பொருத்தம்

சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்
என்னிடம் ஒரே ஒரு சொல் கேட்டார்கள்.

தேங்காய்ப்பட்டணத்து ஆனி மழை.
முகத்துவாரத்தில் ஆறும் கடலும்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த சத்தம்
அடுக்களை வரை கேட்டது.
உள்ளறை முழுக்கப் பெண்கள், கற்பூரம், ஈரக்குடை.
நாத்தூன் ஹாஜராபீவி காதோரம் குனிந்தாள்:
"மஹரைப் பொருத்தேன்னு சொல்லு மைனி.
ஆணுங்க காத்து நிக்கியாவ.
கடனோட கபுருக்குப் போலாமா மனுசன்?"

கடன் என்று அவளேதான் சொன்னாள்.
அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்
பள்ளிவாசல் தப்தரில் எழுதியது:
மஹர் பதினொரு பவுன், பிறகு தருவதாக.
என் வாப்பா கொடுத்த நாற்பத்தொரு பவுனுக்கு
அந்தத் தப்தரில் கட்டம் கிடையாது.
அது மார்த்தாண்டத்தில் ஒரு பெயிண்ட் கடையாக நிற்கிறது.
போர்டில் அவர் பெயர்.

நல்ல மனுஷன். கை நீட்டியதில்லை.
வருஷத்தின் முதல் செங்கவருக்கை மாம்பழம் எனக்குத்தான்.
மஹரைக் கேட்டால் மட்டும் சிரிப்பார்:
"ஒனக்குள்ளது எங்க ஓடிப் போவுது?"

நான் ஏழு தடவை குர்ஆனை ஓதி முடித்தவள்,
ஒரு வரியும் விளங்காமல்.
நாற்பத்து மூன்றாம் வயதில், முட்டுவலிக்காக,
குழித்துறை ஆஸ்பத்திரி பெஞ்சில்
தமிழ் தர்ஜமாவைப் பிரித்தேன். டோக்கன் அறுபத்து நான்கு.
பக்கத்திலிருந்தவள் கேட்டாள், பரீட்சையா என்று.

மஹரை மகிழ்ந்து கொடுங்கள் என்றது ஆண்களிடம்.
அவர்களாக மனமுவந்து எதையேனும் விட்டுத்தந்தால்
உண்ணுங்கள் என்றதும் ஆண்களிடம்.
மய்யித்தைக் காட்டி விட்டுத்தரக் கேளுங்கள் என்று
எவரிடமும் சொல்லவில்லை.
திரும்பவும் தேடிப் பார்த்தேன். இல்லை.

சில வசனம் தள்ளிச் சொத்து பிரிகிறது:
பாதி, கால், எட்டிலொன்று.
எல்லாப் பங்குக்கும் பின்னால் ஒரே வால்,
'கடனைத் தீர்த்த பிறகு'.
எட்டிலொன்றை மனப்பாடமாகச் சொல்லும் ஊரில்
அந்த வாலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
வேதத்திலேயே நீளமான வசனம்
சொர்க்கத்தைப் பற்றியதும் அல்ல, நரகத்தைப் பற்றியதும் அல்ல.
கடன் பட்டால் எழுதிவையுங்கள்,
சிறிதோ பெரிதோ, சலிக்காமல் எழுதிவையுங்கள்.

இவ்வளவும் நெஞ்சில் இருந்தது.
வாயில் ஒன்றும் இல்லை.
அவர் கட்டைவிரல் நகத்து நீலப் பெயிண்ட்
குளிப்பாட்டியும் போகவில்லை என்று
மகன் அழுதது மட்டும் ஞாபகம்.

"சொல்லு மைனி."
கதவுக்கு அப்பால் லெப்பை கனைத்தார்.

"அவர் மேல எனக்குக் கோவம் இல்ல" என்றேன்.
"எல்லாத்தையும் பொருத்தேன்.
பதினொரு பவுனைப் பொருக்கல்ல.
கடனோட போகக்கூடாதுன்னா
யாராவது ஏத்துக்கிடுங்க."

மழை மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு மச்சினர், "இந்நேரத்திலயா பொம்பளைக்குக் கணக்கு?"
பிறகு என் அசனார், பத்தொன்பது வயசு,
நனைந்த சட்டையோடு, எதுவும் தெரியாதவனாக:
"எத்தன பவுனு?"

சந்தா ரசீதின் பின்பக்கத்தில் லெப்பை எழுதினார்.
அவன் கையெழுத்துப் போட்டான்.
சந்தூக் வாசலைத் தாண்டும்போது
என் கால் தளர்ந்தது. பொய் சொல்வானேன்,
பொருத்திருக்கலாமோ என்றும் தோன்றியது.
இன்றும், சில சுபுஹு வேளைகளில், தோன்றும்.

இத்தா முடியும்வரை ஹாஜரா என்னோடு பேசவில்லை.
முடிந்த மறுநாள் வந்தாள். டீ குடித்தாள்.
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
எந்த சூரா என்று கேட்டாள்.
அந்நிஸா என்றேன். பெண்கள்.

மூன்று வருஷத்தில் நாலு பவுன் வந்திருக்கிறது.
ரசீதின் மை மங்குகிறது.
போன வெள்ளிக்கிழமை, அதே எழுத்தின் மேல்,
பேனாவை அழுத்தி
மறுபடி எழுதினேன்.